பன்னிரண்டு ஆண்டு மேடையை விட்டிருந்தவர் எப்படித் திரும்பி வந்தார்? சந்திரலேகாவை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் சந்திரலேகாவைப் பற்றிய கேள்வி: 1972இல் 'நவக்கிரகா' என்ற நடனப் படைப்பைத் தந்துவிட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் மேடைப் பக்கமே வராமல் இருந்தவர், திரும்பி வந்து எப்படி நாட்டின் பெரிய விருதுகளையெல்லாம் பெறும் நடன அமைப்பாளராக ஆனார் என்பது. ஆனால் கேள்வியின் கடைசி இரண்டு வரிகளில், குழந்தைகளுக்காக எட்டு ஆண்டுகள் சலங்கையை எடுத்து வைத்துவிட்டதாகவும், இப்போது ஆடுவதைவிட நடனம் அமைப்பதில்தான் மனம் போகிறது என்றும், இது காலங்கடந்த ஆசையா என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் இருபத்தேழு ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்தும் நட்டுவாங்கம் (தாளம் தட்டி, சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவது) செய்தும் வருகிறவள். சந்திரலேகாவின் குழுவில் நான் இருந்ததில்லை; அவருடைய படைப்புகளை அரங்கில் உட்கார்ந்து பார்த்தவள் மட்டுமே. ஆகவே பதிவாகியுள்ள செய்திகளையும், ஒரு நடன ஆசிரியையாக நான் செய்துகொண்ட ஊகங்களையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

சந்திரலேகா 1928 டிசம்பர் 6ஆம் நாள் மகாராஷ்டிரத்தில் உள்ள வாடா என்னும் ஊரில் பிறந்தவர், தந்தை மருத்துவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதநாட்டியம் பயின்றார். 1952இல் அரங்கேற்றம். அந்த நிகழ்ச்சி ராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக நடத்தப்பட்டது. அதில் அவர் 'மதுரா நகரிலோ' ஆடினார். யமுனை பெருகி ஓடுவதும், தோழியர் நீரை வாரி இறைத்து விளையாடுவதும் அபிநயமாக வரும் நடன உருப்படி அது. ஆடிக்கொண்டிருக்கும்போதே, வறண்டு வெடித்த நிலத்துக்காகப் பணம் திரட்டும் மேடையில் நின்று தான் தண்ணீரின் செழிப்பை ஆடிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்து, ஒரு கணம் திகைத்துப் போனதாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த நிகழ்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அடுத்த வரியிலேயே, 'அன்றே அவர் பரதத்தைத் துறந்தார்' என்று முடித்துவிடுகிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. அரங்கேற்றத்துக்குப் பிறகும் அவர் தொடர்ந்து ஆடியிருக்கிறார். 1960களின் தொடக்கத்தில் 'தேவதாசி' என்ற படைப்பை அமைத்திருக்கிறார், 1972இல் 'நவக்கிரகா'. அரங்கேற்றத்துக்கும் விலகலுக்கும் இடையே இருபது ஆண்டுகள் இருக்கின்றன. அப்படியானால் அந்த யமுனைக் கணம் அவரை மேடையிலிருந்து இறக்கிவிடவில்லை. ஒரு கேள்வியை அவரிடம் விட்டுச் சென்றது, அவ்வளவே. கலைக்கும் நாம் வாழும் வாழ்க்கைக்கும் இடையே இருக்கும் இந்தப் பிளவை ஆடுகிற உடல் எப்படித் தாங்கிக்கொள்வது என்பதே அக்கேள்வி என்று நான் நினைக்கிறேன். கணம் நடந்ததற்கு அவருடைய வாக்குமூலம் இருக்கிறது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது நாம் பிற்பாடு கட்டிக்கொண்ட கதை.

இங்கே கொஞ்சம் விலகி, 'நடன அமைப்பாளர்' என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது; உங்கள் கேள்வியின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. நம் மரபில் இந்த வேலை என்றும் இருந்தது, பெயர்தான் வேறு. ஜதிகள் என்னும் தாளச் சொற்கட்டுகளைக் கோத்து, எந்த அடவு, அதாவது அடிப்படை அசைவு, எந்தத் தாளக் கணக்கில் எங்கே முடிய வேண்டும் என்று தீர்மானித்தவர் நட்டுவனார். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய மார்க்கத்துக்கு, அதாவது நிகழ்ச்சி வரிசைக்கு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடிவம் தந்த தஞ்சை நால்வர், அதாவது சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர், இன்றைய சொல்லில் நடன அமைப்பாளர்களே. 1930களில் ஆட்டம் சபா மேடைக்கு வந்தபோது, ஆடுபவர் முன்னே வந்தார்; அமைத்தவர் தாளம் தட்டும் தட்டுக்கழியோடு பக்கவாட்டில் உட்கார்ந்தார். 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி நாட்டிய நாடகங்களை அமைத்து அந்த நிலையை ஓரளவு மாற்றினார். ஆனாலும் ஒரு பெண், தான் ஆடாமல், பிறருடைய உடல்களை வைத்துத் தன் சிந்தனையை மேடையில் எழுதுகிறவராக மட்டுமே அறியப்படுவது நம்மிடையே அரிதாகவே இருந்தது. ஆடும் வயது முடிந்தால் வகுப்பு எடுக்கலாம் என்பதுதான் வழக்கம். உங்கள் கவலையும் அந்த வழக்கத்திலிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது: எட்டு ஆண்டுகள் ஆடவில்லை என்றால் எட்டு ஆண்டுகள் வீண் என்று கணக்குப் போடுகிறீர்கள். ஆடுபவருக்கு அது சரியான கணக்கு. அமைப்பவருக்குச் சரியா என்பதைத்தான் சந்திரலேகாவின் பன்னிரண்டு ஆண்டுகளை வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. சென்னை எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு எழுதினார், சுவரொட்டிகள் வடிவமைத்தார், பெண்கள் இயக்கத்திலும் மனித உரிமைப் பணிகளிலும் ஈடுபட்டார். வடிவமைப்பாளர் தஷ்ரத் படேல், எழுத்தாளரும் ஒளியமைப்பாளருமான சதானந்த் மேனன் ஆகியோருடன் சேர்ந்து 'ஸ்கில்ஸ்' என்ற அமைப்பின் வழியாக இளைஞர்களுக்குச் சுவரொட்டி தயாரிப்பு போன்ற பயிற்சிகளை அளித்தார். 1982இல் அவர்மீதும் சதானந்த் மேனன்மீதும் அரசத்துரோக வழக்குகூடப் பதிவாகிப் பின்னர் கைவிடப்பட்டது. இவற்றில் எதுவும் நடனம் அல்ல. ஆனால் ஒரு சுவரொட்டியில் வெற்றிடம் எவ்வளவு விட வேண்டும், ஒரே ஒரு கோடு எவ்வளவு சுமக்கும் என்று பழகிய கண்தான், பின்னாளில் வெறும் மேடையில் ஐந்தாறு பேரை நிறுத்தி அவர்களுக்கு இடையிலான தூரத்தையே பேச வைத்தது என்று நான் கருதுகிறேன். இது என் வாசிப்பு. நிரூபித்துக் காட்டக்கூடியது அல்ல. எனினும் அவருடைய மேடையைப் பார்த்த எவரும், அதில் ஓவியரின் கை இருப்பதை மறுக்க மாட்டார்கள்.

1984இல் மும்பையில் கிழக்கத்திய, மேற்கத்திய நடனக் கலைஞர்களை ஒன்றுகூட்டிய சந்திப்பு ஒன்று நடந்தது. அதற்காகத்தான் அவர் மீண்டும் நடனத்துக்குத் திரும்பினார். தன் பழைய படைப்புகளின் பகுதிகளை எடுத்துப் புதுக்கி அங்கே வைத்தார். அடுத்த ஆண்டே 'அங்கிகா' வந்தது. அப்போது அவருக்கு வயது 56. இந்த எண்ணை நீங்கள் ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

'அங்கிகா' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். நாம் எல்லோரும் வகுப்பைத் தொடங்கும்போது 'ஆங்கிகம் புவனம் யஸ்ய' என்று கைகூப்பிச் சொல்கிறோம். உலகம் எவனுடைய உடலோ, மொழி எவனுடைய வாக்கோ, நிலவும் விண்மீனும் எவனுடைய அணிகலனோ என்று அந்தச் சுலோகம் நீளும். ஆங்கிகம், வாசிகம், ஆகார்யம், சாத்விகம் என்னும் நான்கு வகை அபிநயங்களில், உடலைக் குறிக்கும் முதலாவதை மட்டும் அவர் தலைப்பாக வைத்தார். கதை இல்லை, நாயகன் இல்லை, கோயில் நகையும் கனத்த ஒப்பனையும் இல்லை. ஆடுபவர்கள் எளிய உடையில் வந்தார்கள். பரதத்தின் அடவுகளோடு கேரளத்துத் தற்காப்புக் கலையான களரிப்பயிற்றும் யோகாசனமும் மேடையில் இருந்தன. பெண் ஆணை வாகனமாகக் கொள்ளும் நரவாகனப் பகுதி அந்நாளில் பலரைத் துணுக்குறச் செய்தது.

இதைக் 'கலவை நடனம்' என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தை ஓர் ஆசிரியையாகச் சொல்கிறேன். அரைமண்டியில் உட்காருங்கள். குதிகால்கள் சேர்ந்திருக்கின்றன, முழங்கால்கள் பக்கவாட்டில் திறந்திருக்கின்றன, முதுகெலும்பு நேர்க்கோடாக நிற்கிறது. உடலின் பாரம் தொடையில் இறங்குகிறது. இனி களரியில் கஜ வடிவையோ சிம்ம வடிவையோ பிடிப்பவரைப் பாருங்கள்; இடுப்பு தாழ்கிறது, முழங்கால் திறக்கிறது, முதுகெலும்பு கவனத்தில் இருக்கிறது, பாரம் அதே தொடையில் இறங்குகிறது. கையில் முத்திரை இல்லை, முகத்தில் பாவம் இல்லை என்பதைத் தவிர, உடலின் அடிப்படைக் கணக்கு நெருங்கிய உறவுடையது. சந்திரலேகா இரண்டு தனித்தனிப் பொருள்களைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. இரண்டுக்கும் பொதுவான அந்தத் தாழ்ந்த நிலையை, அவர் 'மண்டலம்' என்று பேசிவந்ததை, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நான் என் வகுப்பில் மூத்த மாணவியரை நாட்டடவை வழக்கமான விளம்ப காலத்தின், அதாவது மெதுவான நடையின், நான்கில் ஒரு பங்கு வேகத்தில் செய்யச் சொல்வதுண்டு. வேகத்தில் அழகாகத் தெரிந்த அடவு, அந்த நிதானத்தில் உடைந்து போகும். கால் நீளும்போது இடுப்பு கூடவே எழும்பும், நான்காவது அடவுக்குள் தொடை நடுங்கும், முகத்தில் ஒட்டிவைத்திருந்த புன்னகை தானாகவே இறங்கிவிடும். அந்தப் புன்னகை போன பிறகு மிஞ்சுவது என்னவோ, அதுதான் சந்திரலேகாவுக்கு வேண்டியிருந்தது. இதை அவர் குழுவில் இருந்து கற்றுக்கொள்ளவில்லை, பார்வையாளராகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்பதால், அவருடைய பயிற்சி முறை இதுவே என்று நான் சொல்லவில்லை.

அதன்பின் படைப்புகள் அடுத்தடுத்து வந்தன. 1989இல் 'லீலாவதி', 12ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கரரின் நூலில் உள்ள புதிர்க் கணக்குகளை ஆட்டமாக்கியது. தாமரையும் தேனீயும் அன்னமும் வரும் கணக்குகள் அவை. சாகித்தியம், அதாவது ஆடும் பாடலின் வரிகள், என்றால் பக்தியோ சிருங்காரமோதான் என்று பழகிய நமக்கு, கணக்கே சாகித்தியமாக வந்தபோது ஏற்பட்ட வேடிக்கையான மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் மூச்சை மையமாக வைத்த 'பிராணா', பெண்ணின் வளைக்கப்பட்ட முதுகெலும்பைப் பற்றிய 'ஸ்ரீ'. 1994இல் 'யந்திரா', 1995இல் 'மகாகால்', 1998இல் ஆணுக்குள் இருக்கும் பெண்மையைத் தேடும் 'ராகா', 1999இல் 'ஸ்லோகா'. கடைசியாக 2001இல் 'சரீரா': ஒரு பெண், ஓர் ஆண், குண்டேச்சா சகோதரர்களின் துருபத் என்னும் இந்துஸ்தானி இசை. கால்கள் மிக மெதுவாகத் திறந்து முக்கோணமாகி மீண்டும் கூடும். அந்த அசைவு முடிய எத்தனை மூச்சு ஆகிறது என்று பார்ப்பவர் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கிவிடுவார். அதை அமைத்தபோது சந்திரலேகாவுக்கு வயது 72.

'ஸ்ரீ'யைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. முதுகு வளைந்து, தலை தாழ்ந்து, பெண்கள் மேடையைக் கடந்து செல்வார்கள். எந்த முகபாவமும் இல்லை, அழுகை இல்லை, கொடுமைக்காரர் என்று யாரும் வருவதில்லை. பெண்ணடிமை என்ற பொருளில் நாம் செய்யும் எத்தனையோ உருப்படிகளில், கண்ணீரை விரலால் சுண்டிவிடும் அபிநயத்தைத் தவிர வேறு கருவி நமக்கு அகப்படுவதில்லை. இங்கே முதுகெலும்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. சுவரொட்டிகளோடும் பெண்கள் இயக்கத்தோடும் கழிந்த அந்த ஆண்டுகள் இல்லாமல் இந்தப் பொருள் அவர் கைக்கு வந்திருக்குமா என்று எனக்கு ஐயம்தான்.

இனி விருதுகள். 1990களின் தொடக்கத்தில் சங்கீத நாடக அகாதெமி விருது, மத்தியப் பிரதேச அரசின் காளிதாஸ் சம்மான், பிரிட்டனின் டான்ஸ் அம்ப்ரெல்லா விருது, இத்தாலியின் கையா விருது, 2004இல் அகாதெமியின் மிக உயர்ந்த கௌரவமான ஃபெலோஷிப். இந்தப் பட்டியலில் நான் பார்ப்பது ஒன்றுதான்: எல்லாமே 'அங்கிகா'வுக்குப் பிறகு வந்தவை, 1952 முதல் 1972 வரை ஆடிய ஆட்டத்துக்காக வந்தவை அல்ல. ஃபெலோஷிப் கிடைத்த சில ஆண்டுகளுக்குள், 2006 டிசம்பர் 30ஆம் நாள், சென்னையில் அவர் காலமானார். விருது அவருடைய தொழிலை உருவாக்கவில்லை. தொழில் ஏறக்குறைய நடந்து முடிந்த பின் அதற்குக் கிடைத்த ரசீது அது. விருது பெற்றதால் அவரை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். சென்னையில் அவருடைய படைப்புகளைப் பரதநாட்டியம் என்றே ஒப்புக்கொள்ளாத ரசிகர்களும் ஆசிரியர்களும் கடைசி வரை இருந்தார்கள். என் சொந்த வட்டத்திலேயே, 'இதில் ஆட்டம் எங்கே இருக்கிறது' என்று இடைவேளை கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு. (இடைவேளையே இல்லாத நிகழ்ச்சி அது.)

இவ்வளவும் சொன்ன பிறகு, அவருடைய வாழ்க்கையை உங்களுக்கு முன்மாதிரியாக நீட்டுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அவருக்கு வாய்த்தவை சில, உங்களுக்கும் எனக்கும் வாய்ப்பது கடினம். ஒளி, வடிவம், எழுத்து ஆகியவற்றில் தேர்ந்த நண்பர்கள் உடனிருந்தார்கள். பயிற்சிக்கும் நிகழ்ச்சிக்கும் சொந்த இடம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் உடனிருந்து உழைத்த ஆட்டக்காரர்கள் அமைந்தார்கள். இன்று தனித்த நடன அமைப்பாளராக அறியப்படும் பத்மினி செட்டூர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்தக் குழுவில் இருந்தவர். மேலும், அவர் மேடையைவிட்டு விலகியது தானே தேர்ந்துகொண்ட விலகல்; உங்களுடையது சூழ்நிலை கேட்ட விலகல். இரண்டும் மனத்தில் ஒரே தடத்தை விட்டுச் செல்வதில்லை. 'அவரால் முடிந்தது, உங்களாலும் முடியும்' என்று எழுதுவது எளிது. ஆனால் அது நேர்மையான பதில் அல்ல.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை சிலவே. ஆடும் உடலுக்கு எட்டாண்டு இடைவெளி உண்மையான இழப்பு. தட்டடவில் ஒலி திரும்ப வருவதற்கே சில மாதங்கள் பிடிக்கும். அரைமண்டி பழைய ஆழத்துக்குப் போகாமலும் இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு இடுப்பும் முழங்காலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை எலும்பியல் மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமே தவிர, நான் சொல்லக் கூடாது. ஆனால் அமைக்கும் திறன் அந்த உடலில் மட்டும் இருப்பதில்லை. தாளக் கணக்கு உங்களைவிட்டுப் போயிருக்காது. ஐந்து நிமிடம் ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு பழைய வர்ணத்தின் ஜதியைச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும். கண் போயிருக்காது, சொல்லப்போனால் எட்டாண்டுகள் வெளியே நின்று பார்த்த கண் கூர்மையாகியிருக்கவும் கூடும். என்னிடம் வந்த மாணவியரில் இடைவெளிக்குப் பிறகு திரும்பியவர்கள், அடவைச் செய்வதில் பின்தங்கினாலும், அடுத்தவர் அடவில் எங்கே பிசகுகிறது என்பதைச் சொல்வதில் முந்திக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இதற்கு ஆய்வு எதையும் என்னால் காட்ட முடியாது. என் கூடத்தில் பார்த்தது அவ்வளவுதான்.

ஆகவே என் ஆலோசனை இது. திரும்ப அரங்கேறுவதைப் போலத் தனி மார்க்கம் ஒன்றைத் தயாரிப்பதில் முதல் இரண்டு ஆண்டுகளைச் செலவிடாதீர்கள்; அது உங்களை உங்கள் பழைய உடலோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வைக்கும். உங்கள் முதல் உருப்படியை உங்கள் உடலுக்கு அமைக்காமல், வாரம் மூன்று நாள் தவறாமல் வரக்கூடிய இரண்டு மாணவியருக்கு அமையுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சாகித்தியத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு அசைவு தேடுவது நம் பழக்கம். இம்முறை ஒரே ஓர் அடவை, குத்தடவோ சறுக்கலோ எதுவாயினும், எடுத்துக்கொண்டு அதை எத்தனை திசையில், எத்தனை வேகத்தில், இருவருக்கிடையே எத்தனை அடி தூரத்தில் செய்யலாம் என்று பாருங்கள். தட்டுக்கழியை நீங்களே பிடியுங்கள். அந்த எட்டாண்டுகளில் வீட்டில் உங்கள் கண் முன்னே தினமும் நடந்த அசைவுகளில், குழந்தையை இடுப்பில் ஏற்றும்போது உடல் ஒருபக்கம் சாய்ந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும் விதம் போன்றவற்றில், ஏதேனும் ஒன்று அந்த அடவுக்குள் தானாக வந்து சேர்கிறதா என்று கவனியுங்கள். வந்தால் விரட்டாதீர்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பத்து நிமிடத்தைச் சபாவிடம் கொண்டுபோக வேண்டாம். பரதம் தெரிந்த ஒருவரையும் தெரியாத ஒருவரையும் அழைத்து உட்கார வைத்துக் காட்டுங்கள், எந்த இடத்தில் அவர்கள் கண் வேறு பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.